வண்டியை நீங்களே பார்த்துக்கிட்டா வாரண்டி போயிடுமா?

கம்பத்துல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "தினமும் தோட்டத்து மண் ரோட்டுல பைக் ஓட்டுறேன். ஏர் ஃபில்டர், ஆயில் நானே மாத்தினா வாரண்டி போயிடுமா?"

முதல்ல கையேட்டைப் படிங்க. இலவச சர்வீஸ்களைக் குறிச்ச கிலோமீட்டருக்குள்ள ஷோரூம்லயே முடிச்சிடுங்க. அதைத் தவறவிட்டா, வாரண்டியை மறுக்க அதுவே சாக்காகிடும். தூசி ரோட்டுல ஓடுற வண்டிக்கு ஃபில்டரைச் சீக்கிரமே பார்க்கச் சொல்லிப் பல கையேடுகள்லயே இருக்கும்.

இடையில நீங்க செய்ற வேலைக்குத்தான் ஆதாரம் வேணும். ஒவ்வொரு தடவையும் நாலு விஷயம்: ஓடோமீட்டர் போட்டோ, கிரேடு தெரியுற மாதிரி ஆயில் டப்பா போட்டோ, கழட்டின பழைய ஃபில்டர் போட்டோ, வண்டி நம்பர் எழுதின பில். கடை பில் சில மாசத்துல வெளுத்துடும். அன்னைக்கே படம் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்புங்க, தேதியும் பதிவாகிடும்.

2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டுச்சு. வெளியில ரிப்பேர் பார்த்த ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து பண்ணக்கூடாது, அந்த வேலையால வந்த பழுதுக்கு மட்டும் மறுக்கலாம்னு சொல்லுச்சு. அது கார் வழக்கு, மேல்முறையீடும் போச்சு. ஆனா அந்தக் கேள்வியை நாமளும் கேட்கலாம்: செயினுக்கு எண்ணெய் போட்டதுக்கும் மீட்டர் கெட்டதுக்கும் என்ன சம்பந்தம்?

மறுத்தாங்கன்னா, காரணத்தை எழுத்துல கேளுங்க. அடுத்து 1915 நுகர்வோர் உதவி எண். அதுலயும் முடியலைன்னா தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டி விலை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் இல்ல. 2 வருஷத்துக்குள்ள போயிடணும். அங்க பேசப்போறது உங்க போட்டோவும் பில்லும்தான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!