மூஸா நபியின் ஊற்றுகள்



எகிப்தின் சினாய்ப் பாலையில், சூயஸ் வளைகுடாவின் கிழக்குக் கரையில், பேரீச்ச மரங்களுக்கிடையே ‘உயூன் மூஸா’ என்னும் ஊற்றுகள் உள்ளன. கடலைக் கடந்து வந்த மூஸா (அலை) அவர்களின் கூட்டத்தார் அங்கே நீர் அருந்தியதாக வழிவழியாகச் சொல்வார்கள்.

பாறையிலிருந்து 12 ஊற்றுகள் பொங்கியதையும், ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் நீர்த்துறையை அறிந்துகொண்டதையும் சூரத்துல் பகராவின் 60ஆம் வசனம் கூறுகிறது. இடத்தின் பெயரை அது சொல்லவில்லை, பங்கீட்டைச் சொல்கிறது. பூமியில் குழப்பம் செய்யாதீர்கள் என்றும் எச்சரிக்கிறது.

உயூன் மூஸாவின் ஊற்றுகளில் பல இன்று மணல் மூடிக் கிடக்கின்றன. பேணாத நிஃமத் கைவிட்டுப் போகும். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவுத் தண்ணீரில் உளூச் செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்கிறோம். இன்றிலிருந்து நம் பங்கை மட்டும் எடுப்போம். அண்டை வீட்டார் பங்கை விட்டுவைப்போம்.