கூரை திறந்த காரும் கடுகண்ணாவை இறக்கமும்



1964 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே பொன்டியாக் ஜீ.டி.ஓ. என்னும் கார் வெளிவந்தது. நடுத்தர அளவினதான அக்காரில் 6.4 லீற்றர் எஞ்சினைப் பொருத்தி, 325 குதிரைவலு அளித்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் போர்ட் மஸ்டாங் வந்தது. இரண்டிலும் துணிக்கூரையை மடித்துத் திறக்கும் வகை உண்டு. இன்று அந்நாட்டுப் பட்டறைகள் இவற்றின் பழைய தோற்றத்தைக் காத்து, புதிய எஞ்சினையும் தட்டுப் பிரேக்கையும் உள்ளே அமைக்கின்றன.

கண்டி மக்களுக்குப் பழகிய பழைய கார் மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வகுத்த இக்கார் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. துணிக்கூரை வகையும் அன்றே இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. அவற்றைப் புதுக்கும் ஆர்வமும் வளர்ந்தது. இந்த ஆர்வத்திற்கு அறிவு துணைநிற்க வேண்டாமா?

மூடியுள்ள அட்டைப்பெட்டி ஒன்றை இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள், எளிதில் நெளியாது. மூடியை வெட்டிவிட்டால் உடனே நெளியும். மொரிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை. தளமும் தூண்களும் கூரையும் சேர்ந்ததே அதன் வலிமை. ஆகவேதான் துணிக்கூரை வகையைச் செய்தவர்கள் அடித்தளத்திற்கு மேலதிக உருக்கு கொடுத்தார்கள். மஸ்டாங்கிலும் அவ்வாறே செய்யப்பட்டது. மூடிய காரின் கூரையை அழகுக்காக அறுத்து, அடியை வலுப்படுத்தாது விட்டால், நடுப்பகுதி தொய்யும், கதவு பொருந்தாது, மோதலில் உயிருக்கும் காப்பில்லை.

அடுத்தது பிரேக். கண்டியிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் வண்டி கடுகண்ணாவைக் கணவாயில் வளைந்து வளைந்து இறங்குகின்றது. பிரேக், வண்டியின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. பழைய உருளைப் பிரேக்கில் அவ்வெப்பம் உள்ளேயே தங்கும். தொடர்ந்து மிதித்தால் பிடிப்புக் குறையும். தாழ்ந்த கியரில் இறங்குவது அதனாலேயே நன்று. மொரிஸ் மைனரின் கடைசி எஞ்சினுக்கு வலு 48 குதிரை மட்டுமே. பிரேக்கும் அதற்கு ஏற்றதே. அதில் இருமடங்கு வலுவுள்ள எஞ்சினை ஏற்றிவிட்டு, பிரேக்கைப் பழையபடியே விடுவது பேதைமை அன்றோ?

ஆதலால், புதுக்குவோர் முதலில் துருவை அகற்றித் தளத்தை உறுதி செய்க; அடுத்துப் பிரேக்கையும் திசைதிருப்பும் உறுப்புகளையும் சீராக்குக; எஞ்சின் அதன் பின்னர்; வண்ணப்பூச்சு எல்லாவற்றுக்கும் கடைசி. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவு செய்தலும் கடமை.

கண்ணுக்குத் தெரியும் மினுக்கம் ஒரு நாள் விழாவிற்கு உதவும். கண்ணுக்குத் தெரியாத அடித்தளமே மலைப்பாதையில் ஏறியவரை வீடு கொண்டு சேர்க்கும்.