வட்டமாய் அமர்ந்தோர் இசை



அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தில், மில்டவுன் மால்பே என்றொரு சிற்றூர் உண்டு. ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் அவ்வூரின் மதுக்கடைகளிலும் சமையற்கட்டுகளிலும் தெருவோரங்களிலும் பிடிலும் புல்லாங்குழலும் கான்சர்ட்டினாவும் இரவு நெடுநேரம் ஒலிக்கும். மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. இசைப்போர் ஒருவரையொருவர் நோக்கி வட்டமாக அமர்வர். கேட்க வந்தோர்க்குப் பல வேளைகளில் அவர்தம் முதுகே காட்சி. இக்கூடலை அவர்கள் 'செஷன்' என்பர்.

ஒருவர் முன்னறிவிப்பின்றி ஒரு மெட்டைத் தொடங்குவார். அறிந்தோர் ஓரிரு அடிகளுக்குள் சேர்ந்துகொள்வர். அறியாதோர் கருவியை மடியில் வைத்துக் காத்திருப்பர். 'ஜிக்' என்னும் வகை மும்மூன்றாய்த் துள்ளும். கருநாடக இசையின் திஸ்ர நடையை நினைவூட்டும். 'ரீல்' நந்நான்காய் விரையும். மெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் இருமுறை வரும். முழு மெட்டும் ஏறக்குறைய மும்முறை சுழன்றபின், தொடங்கியவர் கண்ணசைப்பார். இடைவெளியே இன்றி அனைவரும் அடுத்த மெட்டுக்குத் தாவுவர். அத்தாவலில் வட்டம் முழுதும் முகம் மலர்வதைக் காணலாம். அனைவரும் வாசிப்பது ஒரே மெட்டுதான். எனினும் ஒவ்வொரு விரலும் தனக்குகந்த அணிகளைப் பூட்டிச் செல்லும். அணி நயம் அறிந்த கவிஞர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. (போரான் எனும் ஆட்டுத்தோல் பறை மட்டும் வட்டத்துக்கு ஒன்று போதும் என்பது பிடில்காரர்களின் நெடுநாள் முணுமுணுப்பு. வாங்க எளிது, வாசிக்க எளிதன்று.)

இம்மகிழ்ச்சி ஏறத்தாழ கைநழுவிப் போக இருந்தது. 1935இல் வந்த பொது நடனக்கூடச் சட்டம் நடனங்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிற்று. வீடுகளில் நிகழ்ந்த ஆட்டங்களின்மீதும் அது பாய்ந்தது. ஆட்டம் ஒடுங்கவே, அதற்கு இசைத்தோர்க்கும் இடம் இல்லாது போயிற்று. ஊரை வறுமையும் அரித்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிழைப்புத் தேடி லண்டன் சென்ற தொழிலாளர்கள், அந்நகர மதுக்கடைகளில் கூடி வாசித்தனர். இன்று தொன்மை மரபெனக் கருதப்படும் மதுக்கடைக் கூடல் பெரிதும் அவ்வயல்மண்ணில் உருப்பெற்றதே. மெட்டுகள் பழையவை, கூடும் முறையோ புதியது.

மில்டவுன் மால்பேயைச் சார்ந்த வில்லி கிளான்சியும் லண்டனில் உழைத்து மீண்டவரே, தச்சர். ஊர் ஊராய்த் திரிந்து வாசித்த ஜானி டோரனின் இல்லன் குழலில் மனத்தைப் பறிகொடுத்தவர். முழங்கையால் துருத்தியை அழுத்திக் காற்றூட்டும் கருவி அது. 1973 ஜனவரியில் கிளான்சி மறைந்தார். அவ்வாண்டுக் கோடையிலேயே அவர் பெயரால் இசைப்பள்ளி தொடங்கப்பெற்றது. ஜூலைக் கூட்டமெல்லாம் அதற்கே வருகிறது. 2017இல் யுனெஸ்கோ இல்லன் குழலிசையை மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பெருமைக்குரிய செய்திதான், ஆயினும் மரபு நிற்கும் இடம் பட்டியல் அன்று.

காலை வகுப்பில் செவிவழியாய் ஒரே ஒரு மெட்டைக் கற்ற சிறுமி, இரவில் வட்டத்தின் ஓரத்தில் அமர்கிறாள். அவள் அறியாத மெட்டுகள் பத்துக்கு மேல் கடந்து செல்கின்றன. பின்னர் மூத்தவர் ஒருவர் வில்லைத் தாழ்த்தி, "உன்னிடம் ஏதேனும் உண்டா, குழந்தாய்?" என்கிறார். நடுங்கும் விரல்களோடு, மிக மெதுவாக, அவள் தொடங்குகிறாள். முதற்சுற்றில் துணை யாருமில்லை. இரண்டாம் சுற்றில் ஒரு பிடில் சேர்கிறது. மூன்றாம் சுற்றில் அறை முழுதும் சேர்கிறது. அவள் வேகத்தை எவரும் கூட்டவில்லை.