ஒரே உணவை நம்பி வாழும் இறால்

(மதுரை கே.கே. நகரில் அறிவியல் ஆசிரியர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடலே இல்லாத மதுரையில் கடல்நீர்த் தொட்டியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். தொட்டி பெரியதல்ல, 60 லிட்டர்தான். கே.கே. நகரில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதில் ஓர் இணை ஹார்லெக்வின் இறால்கள் வாழ்கின்றன. அறிவியல் பெயர் ஹைமெனோசீரா பிக்டா. பெண் இறால் சற்றுப் பெரியது. வளர்ந்தாலும் 5 செ.மீ.க்குள்தான். வெள்ளை உடலில் நீலமும் ஊதாவுமாகப் புள்ளிகள். முன்கால் இடுக்கிகள் தட்டையாக, விசிறி போல அகன்றிருக்கும். பார்த்தவுடன் மாணவர்கள் பூ என்றுதான் சொல்வார்கள்.

இந்தப் பூ உண்பது நட்சத்திர மீனை மட்டுமே. தவிடு, தூள் தீவனம், மீன் துண்டு எதையும் சீண்டாது. நட்சத்திர மீன் கிடைக்காவிட்டால் பட்டினி கிடந்து சாகும். ஆகவே இதை வளர்ப்பது என்பது உண்மையில் நட்சத்திர மீன் தேடுவதுதான். தொட்டி, விளக்கு, பம்பு எல்லாம் அதற்குப் பிறகு.

அது உண்ணும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 9-ஆம் வகுப்பில் முட்தோலிகள், நீர்க்குழல் மண்டலம், குழாய்க் கால்கள் என்று நடத்துகிறோம். பிள்ளைகளுக்கு அது படத்தோடு நின்றுவிடுகிறது. இறாலின் தலையில் இலை போல அகன்ற உணர்கொம்புகள் உண்டு. நட்சத்திர மீனின் வாசனையை நீரில் அவை பிடித்துவிடும். இரண்டு இறால்களும் சேர்ந்து வந்து அதன் மேல் ஏறும். கையின் ஓரத்தில் இடுக்கியைச் செருகி, பாறையிலிருந்து பெயர்த்து, மல்லாக்கப் புரட்டும். நட்சத்திர மீனின் மேல்புறம் சுண்ணாம்புத் தகடுகளால் கெட்டியானது. அடிப்புறத்தில்தான் மென்மையான குழாய்க் கால்கள் வரிசையாக இருக்கின்றன. புரண்டுவிட்டால் அதற்குப் பிடிமானம் இல்லை. இறால்கள் அங்கிருந்து உண்ணத் தொடங்கும். பெரும்பாலும் கை நுனியில் தொடங்கி நடுப்பகுதியை நோக்கிப் போகும். அதனால் இரை சில நாட்கள் உயிரோடே இருக்கும்.

இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு ஒரு குழந்தை கேட்கும்: “பாவம் இல்லையா சார்?”

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளக் கூடாது என்பது என் கருத்து. ‘இயற்கை அப்படித்தான்’ என்று முடித்துவிடவும் முடியாது. கடலில் நடந்தால் அது இயற்கை. தொட்டியில் இரையைப் போடுவது என் கை. மூளை இல்லாத, நரம்பு வளையம் மட்டுமே உள்ள உயிர் அது என்று பாடம் சொல்லலாம். அந்தக் குழந்தை கேட்டது அதையல்ல.

நான் செய்வது இதுதான். மண்டபம் பக்கம் மீன்பிடி வலையில் மற்ற மீன்களோடு சிக்கி, கரையில் கழித்துப் போடப்படும் நட்சத்திர மீன்களை வாங்கி உறைய வைக்கிறேன். ஒவ்வொரு கையாக வெட்டி, நல்ல நீரில் அலசி, இறால் ஒளிந்திருக்கும் பாறை இடுக்கருகே வைப்பேன். இறந்த உணவையும் என் இறால்கள் ஏற்றுக்கொள்கின்றன. மிச்சத்தை அழுகும் முன் எடுத்துவிட வேண்டும். (குளிர்பெட்டியில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் அந்த டப்பாவை வைக்க எங்கள் வீட்டில் அனுமதி இல்லை. தனித் தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள்.)

ஓர் இணைக்கு இரண்டு வாரத்திற்கு ஒரு சிறிய நட்சத்திர மீன் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு எத்தனை? 26. ஓர் ஊரில் நூறு வீடுகளில் இந்த இறாலை வளர்த்தால்? 2,600. கணக்கை மாணவர்களே போடட்டும். அவ்வளவும் எங்கிருந்து வரும் என்ற அடுத்த கேள்வியையும் அவர்களே கேட்பார்கள்.

அதற்கு விடை தேடும்போது ராபர்ட் பெயினின் சோதனையைச் சொல்லலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மக்கா விரிகுடாவின் பாறைக் கரையில், ஒரு பகுதியிலிருந்து மட்டும் நட்சத்திர மீன்களை அவர் தொடர்ந்து அகற்றி வந்தார். அவை தின்று கட்டுப்படுத்தி வந்த சிப்பிகள் பெருகி இடத்தை அடைத்துக்கொண்டன. அங்கிருந்த 15 வகை உயிரினங்கள் 8 ஆகக் குறைந்தன. 1966-இல் இதை வெளியிட்டார். கல் வளைவின் உச்சியில் செருகிய கல்லை உருவினால் வளைவு சரிவது போன்றது இது. நேர்மாறான கதையும் உண்டு. முட்கிரீட நட்சத்திர மீன் பவளத்தையே தின்பது. பெருகினால் பவளப்பாறைத் திட்டுகள் வெளுத்த எலும்புக்கூடாகிவிடும். பனாமாவின் பசிபிக் கரையில் அதைத் தாக்கும் உயிர்களில் நம்முடைய இந்தச் சிறிய இறாலும் ஒன்று என்று பீட்டர் கிளின் என்ற ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார்.

இனி தொட்டி. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது. வடிகட்டிய நீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, லிட்டருக்கு 35 கிராம் அளவில் வைக்கிறேன். வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டி. மதுரைச் சித்திரை வெயிலில் இதுதான் பெரிய பாடு. நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி ஓடும். நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆவியாகும். நீர் போகிறது, உப்பு போவதில்லை. 60 லிட்டரில் 2,100 கிராம் உப்பு இருக்கிறது. 6 லிட்டர் ஆவியானால், மீதி 54 லிட்டரில் லிட்டருக்கு ஏறத்தாழ 39 கிராம் ஆகிவிடும். ஆகவே குறைந்ததை ஈடுசெய்ய உப்பு நீர் ஊற்றக் கூடாது, நல்ல நீர்தான் ஊற்ற வேண்டும். உப்பளம் பார்த்த தூத்துக்குடிப் பிள்ளைக்கு இது உடனே புரியும். நம் பிள்ளைகளுக்கு ஒரு தட்டில் உப்பு நீரை வெயிலில் வைத்துக் காட்டலாம்.

தொட்டி தயாரானதும் இறாலை விடக் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா நிலைகொள்ள ஒரு மாதத்திற்கு மேல் ஆகும். தாமிரம் கலந்த மீன் மருந்து துளி விழுந்தாலும் இறால் தாங்காது. புதிய நீருக்குச் சொட்டுச் சொட்டாக, ஒரு மணி நேரத்திற்கு மேல் பழக்கித்தான் விட வேண்டும்.

முக்கியமான ஒன்று. அழகுக்காக உயிருள்ள பவளத்தைக் கொண்டுவந்து வைக்க யாரும் முயல வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளங்களும் கடல் அட்டைகளும் கடல் குதிரைகளும் 2001-இல் சேர்க்கப்பட்டுவிட்டன. கடற்கரையில் ஒதுங்கிய பவளத் துண்டாயினும் எடுத்துவராதீர்கள், சுற்றுலா போகும் மாணவர்களையும் எடுக்க விடாதீர்கள். என் தொட்டியில் இருப்பது சுட்ட களிமண் கற்கள்தான். இறாலுக்கு ஒளிய இடுக்கு இருந்தால் போதும்.

பள்ளியில் இதை வைக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். சனி ஞாயிறு, காலாண்டு விடுமுறை, மின்தடை, இவற்றுக்கிடையே யார் பார்ப்பது? அழைத்து வந்தால் எங்கள் வீட்டிலேயே மாணவர்கள் பார்க்கலாம். ஒரு முறைக்கு ஐந்து பேர் வரை. பள்ளிக்கு இதே பாடத்தைச் செலவில்லாமல் நடத்த வழி இருக்கிறது. இந்தத் தெருவின் காலி மனைகளில் எருக்கு முளைத்துக் கிடக்கிறது. இலையின் அடியில் பாருங்கள். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிகள் ஓடும் புழு இருந்தால் அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. அதற்கு எருக்கு இலை வேண்டும். முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தால் தின்னாது. எருக்கின் நச்சை உடலில் சேர்த்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. எலுமிச்சைச் செடியில் எலுமிச்சை அழகியின் புழுவைக் காணலாம். இரண்டையும் காற்றோட்டமுள்ள தனித்தனி டப்பாவில் வைத்து, நாளுக்கு எத்தனை இலை தீர்கிறது, எத்தனை முறை தோலுரிக்கிறது என்று மாணவர்கள் குறிக்கட்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இலை பறிக்கும் வேலையை மட்டும் ஆசிரியர் தம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சியானதும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம்.