சோற்றின் மேல் எழும் ஆவி



(மேசையில் கட்டையால் ஒரு தட்டு)

இந்தச் சத்தத்துக்கு உங்களில் யாரும் மயங்கி விழுந்திருக்க மாட்டீர்கள். சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வட சீனாவில் ஒரு பெண்மணி விழுந்தார். பயணத்தின்போது ஒரு சத்திரத்து மாடியில் தங்கியிருந்தார். இரவில் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். திடுக்கிட்டு எழுந்தவர் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார். அன்றிலிருந்து எங்கே என்ன சத்தம் கேட்டாலும் நினைவு தப்பிவிடும். வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் பூனை நடை நடக்க வேண்டியதாயிற்று. இதயம் பலவீனம் என்று வைத்தியர்கள் ஜின்செங் வேரும் இன்னும் பலதும் ஓராண்டுக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு வந்தவர் ஜாங் சோங்ஜெங் என்ற வைத்தியர். மருந்துப் பெட்டியை அவர் திறக்கவே இல்லை. அந்த அம்மாளை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பணிப்பெண்களை ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். எதிரே தாழ்வாக ஒரு சின்ன மேசை. அதைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கட்டையால் ஓங்கித் தட்டினார். அம்மாள் துள்ளிப் போனார். நான் மேசையைத்தானே தட்டினேன், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டார் வைத்தியர். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு தட்டு, மறுபடி ஒன்று. பிறகு கதவைத் தடியால் தட்டினார். முதுகுக்குப் பின்னால் இருந்த சன்னலை ஆள் வைத்துச் சுரண்டச் சொன்னார். அம்மாளுக்கு மெல்ல மெல்லப் பதற்றம் அடங்கியது. கடைசியில் சிரித்தேவிட்டார், இது என்ன வைத்தியம் என்று. அன்றிரவு விடியும்வரை கதவையும் சன்னலையும் யாராவது தட்டிக்கொண்டே இருக்க ஏற்பாடு. ஓரிரு நாளில் இடி இடித்தாலும் அவர் அசையவில்லையாம்.

பயத்தைப் படிப்படியாகப் பழக்கி ஓட்டும் இந்த முறையை, 1958இல் வெளிவந்த நூலில் ஜோசப் வோல்ப்பே என்ற மனநல மருத்துவர் வகுத்துக் கொடுத்தார். ஜாங் அவருக்கு முன்னோடி என்று சொல்லிப் பெருமைப்படலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். என் கண் அந்தத் தாழ்வான மேசையில்தான் நிற்கிறது. அது ஏன் தாழ்வாக இருந்தது? திடுக்கிட்டால் உள்ளம் மேலே கிளம்பிச் சிதறிவிடும். நோயாளி கீழே பார்த்தால் அது திரும்பவும் கூடும். ஜாங் சொல்லும் காரணம் இதுதான்.

உள்ளத்தோடு சேர்ந்து உடம்பில் ஏறி இறங்கும் ஒன்றுக்குச் சீன மொழியில் ஒரு பெயர் உண்டு. அதை இங்கே உரக்கச் சொல்ல எனக்குச் சங்கடம்; நம் காதுக்கு யாரோ முகம் சுளித்து ‘ச்சீ’ என்பதுபோலக் கேட்கும். அதை எழுதும் பழைய எழுத்தில் கீழே அரிசி இருக்கிறது, மேலே ஆவி எழுகிறது. சோற்றுப் பானையைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த ஆவி. இதை ‘ஆற்றல்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். வீண் வேலை. கொதிக்கும் தண்ணீரின் புகைக்கும், மூச்சுக்கும், உயிருக்கும் சேர்த்து ‘ஆவி’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. அதையே இங்கே வைத்துக்கொள்வோம்.

சீன வைத்தியத்தின் ஆதி நூல் ‘ஹுவாங்தி நெய்ஜிங்’. மஞ்சள் பேரரசர் என்ற புராண அரசர் கேள்வி கேட்க, சி போ என்ற வைத்தியர் பதில் சொல்வதாக அமைந்தது; ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி, உணர்ச்சிகளை ஆவியின் ஓட்டங்களாகச் சொல்கிறது. கோபத்தில் ஆவி ஏறும், பயத்தில் இறங்கும், துக்கத்தில் கரையும், மகிழ்ச்சியில் தளரும், திடுக்கிட்டால் தாறுமாறாகும். ஓயாத யோசனையில் முடிச்சு விழும். இதைக் கேட்டு நாம் வியக்கத் தேவையில்லை. கோபம் தலைக்கேறியது என்றுதான் நாமும் சொல்கிறோம்; பயந்தவனுக்கு அடிவயிறு கலங்கியது என்கிறோம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. மனதில் கோபம் வந்தது, அதனால் உடம்பு கெட்டது என்று இரண்டு படியாக மட்டும் அந்த நூலைப் படிக்க வேண்டியதில்லை. ஆவி ஏறுவதே கோபம் என்றும் படிக்கலாம். தலைவலி, சிவந்த கண், உயர்ந்த குரல் எல்லாமே அந்த ஏற்றத்தில் அடக்கம்.

இந்த ஓட்டங்களுக்கு உறுப்புகளைப் பங்கிட்டும் வைத்திருக்கிறார்கள். கோபம் கல்லீரலுக்கு, மகிழ்ச்சி இதயத்துக்கு, துக்கம் நுரையீரலுக்கு, பயம் சிறுநீரகத்துக்கு, யோசனை மண்ணீரலுக்கு. நமக்குப் பயத்தில் ஈரக்குலை நடுங்கும். அவர்களுக்கு ஈரலில் பயம் கிடையாது, கோபம்தான். நாடி பார்க்கும் வைத்தியர் நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பார். சித்த வைத்தியர் அங்கே வாதம், பித்தம், கபம் தேடுவார் என்றால், சீன வைத்தியருக்கு இடது கையில் நடுவிரலின் கீழ் துடிப்பது கல்லீரல். அது முறுக்கேற்றிய வீணைத் தந்திபோல் விறைத்திருந்தால், சொல்லாமல் அடக்கிய கோபம் ஏதாவது உண்டா என்று யோசிப்பார்.

யோசனைக்கும் மண்ணீரலுக்கும் என்ன உறவு? அவர்கள் சொல்லும் மண்ணீரல் செரிமானத்தின் தலைவர். கவலையில் மூழ்கியவனுக்குச் சோறு இறங்காது என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். அதை ஓர் உறுப்பின் பெயரில் எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை என்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்பார். சீனர்கள் இதற்கு வைத்த பெயர் ‘பிளம் கொட்டை ஆவி’. முடிச்சு விழுந்த ஆவி தொண்டையில் பழக்கொட்டைபோல உட்கார்ந்துகொள்கிறதாம். காரணமில்லாமல் அழுதுகொண்டே இருக்கும் பெண்களுக்கு, ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் எழுதி வைத்த கஷாயத்தில் மூன்றே சரக்குகள்: கோதுமை, அதிமதுரம், நம் இலந்தையின் உறவான சீன இலந்தைப் பழம். இனிப்பான கஷாயம். அழுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் காய்ச்சிக் கொடுப்பதும் அந்த மருந்தில் சேர்த்திதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நூலில் அப்படி இல்லை.

சீன வைத்தியத்தின் துணிச்சலான பகுதி இனிமேல்தான். ஓர் உணர்ச்சியை இன்னோர் உணர்ச்சியால் வெல்வது. மரத்தின் வேர் மண்ணைப் பிளக்கும். அவர்கள் கணக்கில் கல்லீரல் மரம், மண்ணீரல் மண். ஆகவே கோபம் யோசனையை வெல்லும். கணக்கு விசித்திரமாக இருக்கலாம். அதை வைத்து, மேசை தட்டிய நம் ஜாங் செய்ததைக் கேளுங்கள். பணக்கார வீட்டுப் பெண்மணி ஒருவர் ஏதோ யோசனையில் இரண்டு வருடம் தூங்கவில்லை. ஜாங் நாடி பார்த்தார். கணவரைத் தனியே கூப்பிட்டுப் பேசி வைத்துக்கொண்டார். பிறகு கட்டணமாகப் பெரிய தொகையை வாங்கினார், அந்த வீட்டிலேயே சில நாள் உட்கார்ந்து குடித்தார், மருந்துச்சீட்டுகூட எழுதாமல் கிளம்பிப் போனார். அம்மாளுக்கு வந்ததே கோபம்! வேர்த்துக் கொட்டியது. அன்றிரவு கண் சொருகியது. எட்டு ஒன்பது நாள் தூங்கி எழுந்து சாப்பாடு கேட்டார் என்கிறது குறிப்பு. நாள் கணக்கை நான் அப்படியே நம்பவில்லை, கோபத்தை நம்புகிறேன்.

எல்லா வைத்தியருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு ஒன்றில் வென் ஜி என்பவர் கதை வருகிறது. மன்னருக்குக் கோபமூட்டினால்தான் நோய் தீரும், ஆனால் என் தலை போய்விடும் என்றார். இளவரசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, உங்களை நான் காப்பாற்றுகிறேன் என்றார். வென் ஜி மூன்று முறை வருவதாகச் சொல்லி வரவில்லை. பிறகு வந்தபோது செருப்பைக் கழற்றாமல் ஏறி மன்னரின் உடையை மிதித்தார், வாய்க்கு வந்ததைப் பேசினார். மன்னர் கத்திக்கொண்டு எழுந்தார், குணமானார், வைத்தியரை அண்டாவில் போட்டு உயிரோடு வேகவைத்தார். இளவரசரின் மன்றாட்டு எடுபடவில்லை.

இதெல்லாம் உண்மையா என்று கேட்பீர்கள். கல்லீரலை அறுத்துப் பார்த்தால் அங்கே கோபம் இருக்காது. உறுப்புப் பட்டியலை உடற்கூறாக எடுத்துக்கொண்டு, மனச்சோர்வுக்கோ நெஞ்சுவலிக்கோ டாக்டரிடம் போகாமல் கஷாயம் காய்ச்சுவது ஆபத்து. ஆனால் உணர்ச்சி உடம்பை உலுக்கும் என்பதில் இன்றைய மருத்துவத்துக்கும் சந்தேகம் இல்லை. ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் ஓர் இதய நோயை விவரித்தார்கள். பெருந்துக்கமோ அதிர்ச்சியோ தாக்கியவுடன் இதயத்தின் இடது கீழறை, ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்க வைக்கும் மண்குடம்போல உப்பிவிடுகிறது. அந்தக் குடத்தின் பெயரையே நோய்க்கும் வைத்தார்கள்: ‘தகோட்சுபோ’. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும்.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது வேறொன்று. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளெய்ன்மன், சீனாவின் சாங்ஷா நகரில் ஹூனான் மருத்துவக் கல்லூரியில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று வந்த 100 பேரைப் பரிசோதித்தார். நம் ஊரில் சுவரெல்லாம் விளம்பரம் எழுதியிருக்குமே, அதே பெயர்தான் அங்கும். தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கமின்மை என்று சொன்ன அந்த 100 பேரில் 87 பேருக்கு மேலைநாட்டு அளவுகோலின்படி கடுமையான மனச்சோர்வு இருந்தது. கலாச்சாரப் புரட்சி ஓய்ந்து சில வருடங்களே ஆகியிருந்தன. புரட்சி நாட்டில் ஒருவன் துக்கமாக இருக்கிறேன் என்றால், எதற்குத் துக்கம் என்ற கேள்வி வரும். தலை வலிக்கிறது என்றால் வராது.

மனச்சோர்வுக்கான மாத்திரை கொடுத்தார்கள். பலருக்கும் தூக்கம் வந்தது, தலைவலி குறைந்தது. ஆனாலும் அவர்களில் நிறைய பேர் தங்களை நோயாளி என்றே சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். குடும்பத்திலோ வேலையிடத்திலோ இருந்த சிக்கல் அப்படியே இருந்தது.