உடைந்தது ஓரம்தான், மேடை அல்ல
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன், வட்டி, தவணை பற்றித்தான் நாம எப்பவும் பேசுவோம். இன்று என் வீட்டுச் சமையல் மேடை பற்றிப் பேசப் போறேன். சிரிக்காதீங்க, இதிலும் கடன் விஷயம் இருக்கு.

போன ஆடி மாதம் அம்மிக்குழவியைக் கழுவும்போது கை நழுவி மேடை ஓரத்தில் விழுந்தது. கடப்பாக் கல் இரண்டு விரல் அகலத்துக்குப் பெயர்ந்து போச்சு. கொத்தனார் வந்து, "முழுக் கல்லையும் மாத்தணும்மா" என்றார். கல், வண்டி வாடகை, கூலி சேர்த்து 6,000 ரூபாய் கணக்குச் சொன்னார். நானும் குழுவில் உள்கடன் கேட்டேன். அந்த மாதக் கையிருப்பு ஒருத்தருக்குத்தான் போதும். எனக்கு அடுத்துக் கேட்டவங்க மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

எங்க ஊக்குநர் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "அக்கா, உடைஞ்சது கல்லா, ஓரமா?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மேடையை நனைத்துத் துடைத்தால் விரிசல் இருக்கிற இடம் ஈரக்கோடாகத் தெரியும். கோடு குறுக்கே ஓடினாலோ, அழுத்தும்போது கல் ஆடினாலோ கொத்தனாரைத்தான் கூப்பிடணும். அடுப்போடு சேர்ந்து கல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. எனக்குக் கோடு இல்லை. ஓரம் மட்டும்தான்.

எப்படிச் சரி செய்வது?

ஹார்டுவேர் கடையில் அரல்டைட் என்று இரண்டு டியூப் சேர்ந்த பசை கிடைக்கும். முதல் தடவை அவசரப்பட்டு அப்படியே பூசினேன். ஒரே வாரத்தில் கழன்று வந்தது. காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. அதனால் முதல் வேலை சுத்தம்தான். சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காய விடணும்.

உடைந்த சில்லு கிடைத்தால் தூக்கிப் போடாதீங்க. பெரிய சில்லு என்றால் அதையே பசை வைத்து ஒட்டலாம். நொறுங்கியிருந்தால் துணியில் சுற்றி, வீட்டுக்கு வெளியே தட்டிப் பொடியாக்குங்க. மூக்கில் துணி கட்டிக்கணும், கல் தூசி நெஞ்சுக்கு ஆகாது. இரண்டு டியூபிலும் அட்டையில் போட்டிருக்கிற அளவு எடுத்துக் குழைத்து, பொடியைக் கலந்தால் கல்லின் நிறத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

பள்ளத்தைச் சுற்றி செல்லோ டேப் ஒட்டுங்க. கலவையை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி நிரப்புங்க. ஒரு நாள் தொடக் கூடாது. பிறகு பிளேடைப் படுக்க வைத்துச் சீவி, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்க. பூசிய இடத்தில் மட்டும் தேய்க்கணும், பக்கத்தில் பட்டால் பளபளப்பு போயிடும்.

கவனிக்க வேண்டியவை

பசை கையில் படக் கூடாது, பாலிதீன் கவர் மாட்டிக்குங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்க. ஒட்டிய இடத்தில் சூடான பாத்திரம் வைத்தால் பசை இளகும். அதன் மேல் சப்பாத்தி மாவு தேய்க்காதீங்க, பலகை போட்டுக்குங்க.

இன்னொன்று. கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சை, புளி, பாத்ரூம் ஆசிட் பட்டால் அரிக்கும், வெளுத்துப் போகும். சிந்தினால் உடனே துடைங்க. கிரானைட் அவ்வளவு சீக்கிரம் அரிக்காது.

கிட்டப் போய்ப் பார்த்தால் ஒட்டுப் போட்டது தெரியத்தான் செய்யும். ஆனால் கையைக் கிழிக்கலை, அழுக்கு அடையலை. எனக்கு அது போதும்.

கடன் மனுவைத் திரும்ப வாங்கிட்டேன். அந்தப் பணம் கல்லூரிக் கட்டணத்துக்குப் போச்சு. கடன் கேட்கிறது நம்ம உரிமை, அதில் வெட்கம் இல்லை. ஆனால் கேட்கும் முன்னே, "இதை மாத்தணுமா, சரி பண்ணினால் போதுமா?" என்று ஒரு தடவை பாருங்க. நம்ம சேமிப்பு யாருக்கு முதலில் தேவையோ அவங்களுக்குப் போய்ச் சேரும்.