பூட்டு வருமுன் வரைபடத்தைப் பாருங்கள்!

(வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடைக்கு இடம் பிடிக்கும்போது எதையெல்லாம் பார்க்கிறீர்கள்? ஆள் நடமாட்டம் பார்க்கிறீர்கள். வாடகையும் அட்வான்சும் பேசுகிறீர்கள். சொந்தமாக வாங்குவதென்றால் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டுகிறீர்கள். சரி, அந்த இடத்தின் நிலப் பயன்பாடு என்ன என்று கேட்டவர்கள் இந்தச் சபையில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

எனக்குத் தெரிந்த பாய் ஒருவர். வளைகுடாவில் பல வருஷம் உழைத்த காசைக் கொண்டுவந்து, ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்துத் துணிக்கடை போட்டார். தொழில் உரிமம் வாங்கினார். சொத்து வரி கட்டிய ரசீதும், கடை ரேட்டில் கரண்ட் பில்லும் பத்திரமாக இருந்தன. இரண்டாம் வருஷம் நோட்டீஸ் வந்தது. அது குடியிருப்புப் பகுதியாம். அவ்வளவு பெரிய கடைக்கு அங்கே அனுமதி இல்லையாம். "என்னிடம் எல்லா ரசீதும் இருக்கிறதே!" என்று அந்த மனிதர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். வரி ரசீது வரி கட்டியதற்குத்தான் சாட்சி. கரண்ட் பில்லும் அப்படியே. அந்த இடத்தில் கடை நடத்தலாம் என்று அவற்றில் எதுவுமே சொல்லவில்லை.

அப்படியானால் அதைச் சொல்வது எது? ஒரு வரைபடம்!

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்று ஒரு சட்டம் இருக்கிறது. சென்னையில் அதை நடத்துவது பெருநகர் வளர்ச்சிக் குழுமம். அன்றைக்கு எம்.எம்.டி.ஏ., பிறகு சி.எம்.டி.ஏ. அமைச்சர் தலைவர், ஐ.ஏ.எஸ். அதிகாரி துணைத் தலைவர். மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதன் கீழுள்ள உள்ளூர்த் திட்டக் குழுமங்களும் பார்க்கின்றன. இவர்கள் தயாரிக்கும் மாஸ்டர் பிளானில், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் உண்டு. இது ஆதாரக் குடியிருப்பு, இது கலப்புக் குடியிருப்பு, இது வணிகம், இது தொழிற்சாலை, இது விவசாயம் என்று பிரித்துவிடுகிறார்கள். ஆதாரக் குடியிருப்பில் சிறு கடைகளுக்கு ஓரளவு இடம் உண்டு. பெரிய கடை, கிடங்கு என்று போனால் சிக்கல்தான். நிலத்தைத் திட்டத்துக்கு ஒத்தபடிதான் பயன்படுத்த வேண்டும் என்று 47ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

இந்த நிறம் பூசும் வேலை அடிக்கடி நடப்பதல்ல. சென்னையின் முதல் மாஸ்டர் பிளான் 1970களின் நடுவில் வந்தது. இரண்டாவது வந்தது 2008 செப்டம்பரில்! கோவையோ 1994ல் ஒப்புதலான திட்டத்தை வைத்தே ஏறத்தாழ முப்பது வருஷம் ஓட்டியது. அதாவது, ஒருமுறை உங்கள் தெருவுக்கு ஒரு நிறம் விழுந்தால் அது உங்கள் பிள்ளை கல்லாவில் உட்காரும் காலம்வரை நிற்கும்.

ஒரு தெருவின் பிழைப்பையே இடம் மாற்றும் வல்லமை இந்தத் திட்டங்களுக்கு உண்டு. கொத்தவால் சாவடியை மறந்துவிட்டீர்களா? ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று காய்கறி, பழ மொத்த வியாபாரம் 1996ல் கோயம்பேட்டுக்குப் போனது. இரும்பு வியாபாரத்துக்குச் சாத்தங்காட்டில் இடம் ஒதுக்கினார்கள். நெரிசல் உண்மை, நகருக்கு அது தேவையும்கூட. மொத்த வியாபாரிகளுக்குப் புது இடத்தில் கடை உண்டு. ஆனால் அந்தச் சந்தையை நம்பிச் சுற்றுத் தெருக்களில் சாக்கு விற்றவன், டீக்கடை போட்டவன், கைவண்டி இழுத்தவன்? அவன் பெயர் எந்த ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருக்கும்?

சட்டத்தில் வாசலே இல்லையா என்றால், இருக்கிறது. மாஸ்டர் பிளான் வரைவை அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவித்து, எழுத்து மூலம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்க வேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு. அதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். நேரில் சொல்ல விரும்புகிறேன் என்று கேட்டு எழுதினால், அதற்கும் வாய்ப்புத் தர வேண்டும். இடையில் ஒருவர் தம் நிலத்தின் பயன்பாட்டை மட்டும் மாற்றக் கேட்டால், அதற்கும் பத்திரிகை அறிவிப்பு வரும். பக்கத்து நிலத்துக்காரர் ஆட்சேபிக்கலாம். மூலையில் பொடி எழுத்தில் வரும் அந்த அறிவிப்பை நாம் படிப்பதில்லை. அந்தப் பக்கத்தில்தான் பஜ்ஜி மடிக்கிறோம்!

இரண்டு மாதமும் தூங்கிவிட்டு, சீல் வைக்கும் நாளில் கடையடைப்பு, ஊர்வலம் என்கிறோம். 2011 அக்டோபர் 31 அன்று தி.நகர் ரங்கநாதன் தெருவில் என்ன நடந்தது? விதி மீறிய கட்டிடங்களுக்குப் பூட்டு. கட்டியவர் யாரோ, உள்ளே வாடகைக்குக் கடை வைத்திருந்தவனுக்கும் அதே பூட்டுத்தான். உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 ஜனவரியில்தான் தற்காலிகமாகத் திறக்க வழி பிறந்தது.

கசப்பாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே தெருவில் 2008 செப்டம்பர் முதல் தேதி தீப்பிடித்து இரண்டு உயிர் போயிற்று. கார் நிறுத்தக் காட்டிய தரைத்தளத்தில் கடை போடுகிறோம், மாடிப்படியில் சரக்கை அடுக்குகிறோம். இதற்கு எந்த வரைபடத்தையும் குறை சொல்ல முடியாது.

"பிறகு அபராதம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் பாய்" என்று சொல்லும் கட்டிடக்காரரை நம்பாதீர்கள். 1999 பிப்ரவரி வரை கட்டியவற்றுக்கு ஒரே ஒருமுறை என்று சொல்லித்தான் அந்தச் சலுகை வந்தது. பிறகு 2000, 2001, 2002 என்று அதை நீட்டிக்கொண்டே போன திருத்தங்களை 2006ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பணம் கட்டியவர்களும் நடுத்தெருவில் நின்றார்கள்.

இளைஞர்களே, இது உங்கள் வேலை. சென்னையின் இரண்டாம் மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும் போட்டது. அடுத்தது 2046 வரைக்குமானது. உங்கள் வாலிபம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு பேர் முன்வாருங்கள். கடைவீதியில் ஒவ்வொரு கடையின் சர்வே எண்ணையும் எழுதுங்கள். எத்தனை வருஷமாக அங்கே வியாபாரம், எத்தனை பேருக்குப் பிழைப்பு, வரி ரசீது எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்று குறியுங்கள். வரைபடத்தில் அந்த எண்ணுக்கு என்ன பயன்பாடு போட்டிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். சென்னைக்கு இதை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆட்சேபணை எழுதும்போது "எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று எழுதினால் அதிகாரி என்ன செய்வார்? இன்ன சர்வே எண்கள், இன்ன தெரு, இத்தனை ஆண்டாக வணிகம், ஆகவே கலப்புக் குடியிருப்பாகவோ வணிகமாகவோ வகைப்படுத்துங்கள் என்று எழுதுங்கள். பக்கத்துக் கடை நாடார் அண்ணாச்சியும் எதிர்க்கடை செட்டியாரும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். கொடுத்த மனுவுக்கு முத்திரையோடு ஒப்புகை வாங்கி ஜமாஅத் அலுவலகத்தில் வையுங்கள்.

மதரஸாவுக்கோ மண்டபத்துக்கோ இடம் பார்க்கும் ஜமாஅத் நிர்வாகிகளே, அட்வான்ஸ் கொடுக்குமுன் அந்தச் சர்வே எண்ணையும் இந்த இளைஞர்களிடம் கொடுத்துவிடுங்கள்.